சிப்பி பொறுக்கப் போன சொந்தம்

கனகாம்பிகை தொலைபேசியில் சொன்னதில் பாதி மேரிசாந்தியின் காதில் ஏறவே இல்லை. சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு வாகனம் பிளேஸ்டோவுக்கு வரும், தண்ணீருக்குள் இறங்கத் தோதாகப் பழைய சப்பாத்து ஒன்று வேண்டும், குளிருக்கு இரண்டு சுவெற்றர் எடுக்க வேண்டும், சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், ஆகையால் கொஞ்சம் பார்த்துப் பேசவேண்டும் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியாகச் சொன்னது மட்டும் ஏறியது.

"அக்கா, நீங்கள் ஆர் எண்டு அவை கேட்டவை. அம்மாட வழியில சொந்தம் எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டும் யோசியாதேங்கோ."

மேரிசாந்தி என்னத்தை யோசிக்கப் போகிறாள்? ஐம்பத்தேழு வயதில், லண்டன் பிளேஸ்டோவில் ஓர் அறை வீட்டில், பள்ளிக்கூடக் குசினியில் மரக்கறி வெட்டுகிற வேலையோடு தனியே கிடக்கிறவள். அவளை ஒருத்தி வாய் நிறையச் சொந்தம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லை ஏன் சொல்லவேண்டி வந்தது என்று கேட்கிற புத்தி அவளுக்கு அப்போது இருக்கவில்லை. சந்தோஷம் வந்தால் புத்தி கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்கும்.

உண்மையில் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. கனகாம்பிகை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பெயர் சொல்லக்கூடிய வெள்ளாளக் குடும்பத்துப் பெண். மேரிசாந்தி வன்னிக் கரையில் உள்ள அலம்பிலில் தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்த சாதியில் பிறந்தவள், போதாததற்கு மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரி. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, கனகாம்பிகையும் புருஷன் சிவானந்தனும் ஒரு சைக்கிளோடும் இரண்டு உரப்பைகளோடும் அலம்பிலுக்கு வந்து சேர்ந்தார்கள். மேரிசாந்தி தன் வீட்டின் பாதியைத் தென்னோலைக் கிடுகால் மறைத்துக் கொடுத்தாள். நாலு வருஷம் அதற்குள்தான் இருந்தார்கள். ஊரில் தங்கள் கிணற்றடிக்கே அண்ட விடாத சாதியின் சட்டிக்குள் கனகாம்பிகை கை விட்டுச் சாப்பிட்டாள். மகள் சிவரூபினி பிறந்ததும் அந்த வீட்டில்தான், அடைமழையில். தாய்க்குப் பால் வரவில்லை. மேரிசாந்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டிச் சிப்பி பொறுக்கி வந்து, அவித்து, அந்தச் சாற்றை இருபது நாள் ஊட்டிவிட்டாள். இருபத்தோராம் நாள் பால் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அவள் பெரியம்மா.

பிறகு அவர்கள் லண்டனுக்கு வந்துவிட்டார்கள். மேரிசாந்தியின் புருஷன் கடைசிச் சண்டையில் போனான். அவள் பிரான்ஸ் போய், அங்கே ஐந்து வருஷம் குந்தியிருந்து, லண்டனுக்கு வந்தாள். பிளேஸ்டோவில் ஒரு கடை வாசலில், கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில், கனகாம்பிகை அவளைக் கண்டு கட்டிப்பிடித்து அழுதாள். அந்த அழுகை உண்மை. அதில் குற்றம் சொல்ல இடமில்லை.

இப்போது சிவரூபினிக்குக் கலியாணம். ஆவணியில், குறொய்டனில் மண்டபம் எடுத்தாயிற்று. "மணவறைக்கு முன்னால முதல் வரிசையில நீங்கள் இருக்கவேணும், அக்கா. அவளின்ர பெரியம்மா எல்லோ," என்று கனகாம்பிகை தானாகவே சொன்னாள். மேரிசாந்தி ஊதாக் கரை வைத்த பட்டுச் சேலை ஒன்று வாங்கி, பிளவுஸும் தைப்பித்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு கதிரைக்குத்தான். பிள்ளை குட்டி இல்லாதவள். ஒரு நாளைக்கு, நாலு பேர் பார்க்க, ஒருத்தியின் பெரியம்மாவாக இருந்துவிட்டு எழும்பவேண்டும்.

சிப்பி பொறுக்கப் போகிற யோசனை மாப்பிள்ளை சஞ்சயனுடையது. பல் வைத்தியர். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் பார்க்கிறவனுக்கு, சனி ஞாயிறில் காளான் பிடுங்குவது, கடற்பாசி அரிவது என்று இப்படியான பொழுதுபோக்குகள். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் கடல் வழமையை விட வெகுதூரம் வற்றுமாம், அன்றைக்கு ஸ்கலொப் என்கிற விசிறிச் சிப்பியை முழங்கால் தண்ணீரில் கையாலேயே எடுக்கலாமாம். இரண்டு குடும்பமும் பழகினதாகவும் இருக்கும் என்று அவன் சொல்ல, சிவரூபினி வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாமல், "மை பெரியம்மா இஸ் அன் எக்ஸ்பேர்ட்" என்று சொல்லிவிட்டாள். அவன் பெரியம்மாவும் வந்தே ஆகவேண்டும் என்றான். கனகாம்பிகையால் மறுக்க முடியவில்லை. சொந்தம் என்ற பொய் பிறந்தது அப்படித்தான்.

லண்டனில் சாதி இல்லை. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கலியாணம் பேசும்போது மட்டும் ஊர் எது, கோயில் எது, தாய்வழி எந்தப் பகுதி என்று கேட்பார்கள். அது சாதி கேட்பதில்லையாம், சும்மா விசாரிப்பதாம்.

ஏழு பேர் போகிற வாகனம் சொன்ன நேரத்துக்கு வந்தது. சிவானந்தன் ஓட்டினார். பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் கணேசலிங்கம், இரண்டு பெற்றோல் நிலையத்துக்கும் ஒரு கோயில் நிர்வாகத்துக்கும் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுவில் அவர் மனைவி சுசிலாவும் கனகாம்பிகையும் மேரிசாந்தியும். பின்னால் இளசுகள் இரண்டும். மேரிசாந்தி ஏறியதும் கனகாம்பிகை அவள் காதருகே குனிந்து, "அக்கா, உந்தச் சிலுவைச் சங்கிலியை உள்ளுக்கு விடுங்கோவன்," என்றாள். பிறகு சத்தமாக, "இவதான் சாந்தியக்கா," என்று அறிமுகம் செய்தாள். மேரி எங்கே போனாள் என்று மேரிசாந்தி கேட்கவில்லை. சங்கிலியைச் சுவெற்றருக்குள் விட்டாள். குளிருக்கும் அது நல்லதுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன்னை ஏமாற்றுவதற்கு மனிசருக்குப் பெரிய காரணங்கள் தேவைப்படுவதில்லை.

நாலு மணித்தியால ஓட்டம். சுசிலா நல்லாகவே பழகினாள். "அக்கா, வடை எடுங்கோ, அக்கா, காலை நீட்டி இருங்கோ" என்று அக்காவுக்குக் குறைவில்லை.

கடல் சொன்னபடி வற்றியிருந்தது. மணல் வெகுதூரத்துக்கு ஈரமாகக் கிடந்தது. சஞ்சயன் ரப்பர் உடுப்பும் நீருக்குள் பார்க்கிற கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தோடு இறங்கினான். பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறைந்த சிப்பியை எடுக்கக் கூடாது, வளையத்துக்குள் விழுந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் விளக்கினான். விளக்கம் அருமை. அரை மணித்தியாலம் தேடியும் வளையத்துக்குள் விழுவதற்கே ஒன்றும் அகப்படவில்லை. கணேசலிங்கம் மடக்குக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். சிவானந்தன் படம் எடுத்தார்.

மேரிசாந்தி காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. முதலில் ஒன்றும் செய்யாமல் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கரையில் எறிந்தாள். சப்பாத்துக்குக் கண் இல்லை, உள்ளங்காலுக்கு இருக்கிறது. காலைத் தூக்கி வைக்காமல், மணலோடு உரசி உரசி நடந்தாள். இந்தச் சிப்பி அவளுக்குப் பழக்கமில்லாத சாதிதான், ஆனாலும் மூன்றாவதோ நாலாவதோ அகப்பட்டதும் அதன் குணம் பிடிபட்டுவிட்டது. தட்டையான மூடி மேலே, அதற்கு மேல் மெல்லிய மணல், விளிம்பு மட்டும் நகக்கீறல் போலத் தெரியும். முன்னால் கையைக் கொண்டுபோனால் இரண்டு மூடியையும் அடித்துக்கொண்டு பாய்ந்துவிடும். பின்னால், பூட்டுப் பக்கமாகப் பிடிக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் வாளியில் முப்பத்தைந்து கிடந்தன. ஒன்றுகூட வளையத்துக்குள் விழவில்லை.

சஞ்சயன் அவள் பின்னாலேயே திரிந்தான். சிவரூபினி, "பெரியம்மா, யூ ஆர் அமேசிங்," என்று தண்ணீருக்குள்ளேயே அவளைக் கட்டிப்பிடித்தாள். மேரிசாந்தி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம். கால் விறைத்ததும் தெரியவில்லை, வாய் தளர்ந்ததும் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் சுசிலா ஈரம் துடைக்கத் துவாய் ஒன்றை நீட்டினாள்.

"அக்கா பெரிய விண்ணிதான். எங்க பழகினது?"

"பிறந்ததில இருந்து உதுதானே. அலம்பிலில எங்கட அப்புவுக்குக் கடற்கரையில மீன் வாடி இருந்தது. சின்னனில இருந்தே மட்டி, இறால், நண்டு எண்டு தண்ணிக்குள்ளதான் நிப்பம்."

"வாடியோ?"

"ஓம். அப்புவுக்கு ரெண்டு வள்ளம். அண்ணைமார் கரைவலை இழுத்தவை."

சுசிலாவின் கை துவாயில் அப்படியே நின்றது. வாடியும் வள்ளமும் கரைவலையும் யாரிடம் இருக்கும் என்று எங்கள் சனத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்ப நீங்கள் கனகத்தின்ர தாய் வழியில எல்லோ சொந்தம்?"

இந்த இடத்தில் மேரிசாந்தி ஒரு சிரிப்புச் சிரித்துப் பேச்சை மாற்றியிருக்கலாம். குளிருது என்றிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைத் தொலைபேசியில் கேட்ட நாளிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவள் அவள். ஒருவர் கேட்டதும் அவிழ்த்துக் காட்டாமல் இருப்பாளா?

"ஓம்," என்றாள், பெருமையாக. "கிட்டின சொந்தம்."

ஒரு பெண்ணின் கலியாணத்தை இரண்டு சொல்லில் ஆட்டிவிட முடியும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. வாகனத்துக்குள் ஏறினபிறகு தெரிந்தது. சுசிலா இந்தமுறை சிவரூபினியை நடுவுக்கு அனுப்பிவிட்டு, பின்னால் மகன் பக்கத்தில் போய் இருந்தாள். இளசுகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அயர்ந்துவிட்டார்கள். கணேசலிங்கம் முன்னுக்கு இருந்தபடியே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"தங்கச்சி, உங்கட அம்மா எந்தப் பகுதி எண்டனீங்கள்?"

"சுன்னாகம்தான், அண்ணை," என்றாள் கனகாம்பிகை.

"சுன்னாகத்துக்கும் அலம்பிலுக்கும் என்ன தொடுப்பு?"

"அது... தூரத்துச் சொந்தம்."

"கிட்டின சொந்தம் எண்டெல்லோ அக்கா சொன்னவ," என்றது பின்னாலிருந்து சுசிலாவின் குரல்.

சிவானந்தன் ரேடியோவைப் போட்டார், பிறகு நிற்பாட்டினார். மேரிசாந்தியின் காலடியில் வாளிக்குள் சிப்பிகள் அவ்வப்போது மூடியை அடித்துக்கொண்டன. கனகாம்பிகையின் நெற்றி வியர்த்திருந்தது. மேரிசாந்திக்கு இப்போதுதான் புத்தி திரும்பி வந்தது. சொந்தம் என்றால் இரண்டு பக்கமும் ஓடும். அவள் கனகாம்பிகையின் சாதிக்கு ஏறமாட்டாள், கனகாம்பிகைதான் அவளுடைய சாதிக்கு இறங்குவாள். தாய் இறங்கினால் மகளும் இறங்குவாள். மாதாவே, என்ன வேலை பார்த்துவிட்டேன் என்று சுவெற்றருக்கு மேலாலேயே சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

தென் லண்டனில் மிட்சம் என்கிற இடத்தில் இருக்கும் கனகாம்பிகை வீட்டுக்கு வந்து சேர ஐந்து மணி. கலைந்து போகவும் முடியாது, சாப்பாடு அங்கேதான் என்று முன்பே பேசியாயிற்று. குசினிக்குள் வெடுக்கு மணக்கும் என்று மேரிசாந்தி பின்வளவில் மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து சிப்பிகளை உடைக்கத் தொடங்கினாள். கத்தியைத் தட்டை மூடியோடு ஒட்டி விட்டு, ஒரே இழுவையில் தசையை அறுத்து, கறுத்தப் பையையும் ஓரத்துச் சவ்வையும் எறிந்து, வெள்ளைச் சதையையும் செம்மஞ்சள் முட்டையையும் கோப்பையில் போட்டாள். இளசுகள் சிப்பிக்குப் பிழியத் தேசிக்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். குசினி யன்னல் திறந்திருந்தது. முன் அறையில் பேசுவது எல்லாம் கேட்டது.

"நாங்கள் சாதி பாக்கிற ஆக்கள் இல்லை," என்றார் கணேசலிங்கம். "ஆனா நாளைக்குச் சனம் கேக்கும்."

"எனக்கு ரெண்டு தங்கச்சிமார் இருக்கினம். அவையின்ர பிள்ளையளுக்கும் பேசவேணும்," என்றாள் சுசிலா.

மேரிசாந்தி கத்தியை நிறுத்தினாள்.

"சொந்தமும் இல்லை, ஒண்டும் இல்லை," என்றாள் கனகாம்பிகை. "பிள்ளை பெரியம்மா எண்டு கூப்பிடுறாள், அதுக்காகச் சும்மா சொன்னனான். வன்னியில எங்கட வீட்டில வேலைக்கு நிண்ட மனிசி. பாவம், தனிச்சுப் போனா. அதால கூப்பிட்டு வைச்சிருக்கிறம்."

எங்கட வீட்டில். மேரிசாந்தி அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பக் கேட்டாள், வேறு யாரும் சொல்லாமலே. அந்த வீட்டுக்கு அவளைப் பெற்ற அப்பு கல்லறுத்துக் கொடுத்தவர். அதன் பாதியைத் தடுக்கும்போது கிடுகு கிழித்த தழும்பு அவள் முழங்கையில் இப்போதும் இருக்கிறது. கோபம் வந்தது. கத்தியோடு எழும்பிப் போய் முன் அறையில் நின்று, யார் வீட்டில் யார் இருந்தது என்று கேட்கவேண்டும் போல வந்தது. எழும்பவும் செய்தாள்.

அதற்குள் சுசிலாவே குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னால் கனகாம்பிகை, அவளுக்கும் பின்னால் இரண்டு ஆம்பிளைகள்.

"இஞ்ச வாரும் ஒருக்கா," என்றாள் சுசிலா. காலையில் அக்கா, நீங்கள். மாலையில் வாரும், நீர். இறங்குவதற்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. "நீர் வன்னியில இவையிட்ட வேலைக்கோ நிண்டனீர்?"

மேரிசாந்தி கனகாம்பிகையைப் பார்த்தாள். கனகாம்பிகையின் இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன. பால் வராத நாட்களில் அந்தக் கிடுகுத் தட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்த அதே பார்வை. சிவானந்தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொன்னால் இந்தக் கலியாணம் இந்த வாசற்படியிலேயே முடிந்துவிடும். சிவரூபினி மூன்று வருஷமாக அந்தப் பெடியனைத் தவிர வேறு பேச்சுப் பேசியதில்லை.

"ஓம்," என்றாள் மேரிசாந்தி. "இவையின்ர வீட்டிலதான் நிண்டனான். இந்த அம்மாதான் எனக்குச் சாப்பாடு தந்தவ."

கனகாம்பிகையை அவள் வாழ்நாளில் முதல்தரம் அம்மா என்றாள். கனகாம்பிகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுசிலா ஒரு பெருமூச்சு விட்டாள். கணேசலிங்கம், "உதை முதலே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. பேந்தென்ன," என்று சிரித்தார். வீடு ஒரே நொடியில் கலகலப்பாகிவிட்டது. தேசிக்காயோடு வந்த சிவரூபினியைத் தாய் மேலே அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேரிசாந்தி நல்லெண்ணெயில் உள்ளியும் மிளகும் போட்டுச் சிப்பிகளை வாட்டினாள். கூடுதலாக நெருப்புப் பட்டால் ரப்பராகிவிடும் என்று நின்று பார்த்து இறக்கினாள். வேலையைக் கெடுக்க அவளுக்குத் தெரியாது. முன் அறையில் தட்டம் தட்டமாகப் போனது. கணேசலிங்கம், இப்படி ஒரு ருசியை ஹோட்டலிலும் சாப்பிட்டதில்லை என்றார்.

ஆறு பேருக்குத்தான் மேசையில் சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தது. கனகாம்பிகை ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் சோறும் நாலு சிப்பியும் போட்டு, மூடி, பையில் வைத்து நீட்டினாள்.

"இருட்டுறதுக்கு முதல் வெளிக்கிட்டா நல்லம்தானே, அக்கா. கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். அக்கா இன்னும் மிச்சம் இருந்தது, ஆனால் குசினிக்குள் மட்டும்.

மேரிசாந்தி பையை வாங்கினாள். கை கழுவிச் சப்பாத்தைப் போட்டாள். அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. தாய்க்குப் பயம், தகப்பனுக்கு வாய் இல்லை, சரி. பிள்ளைக்கு எல்லாம் தெரியும். யார் யாருடைய வீட்டில் இருந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை. அவள் ஒருக்கால் வந்து கையைப் பிடித்தால் போதும், வேலைக்காரியாக இருந்ததும் பரவாயில்லை.

வெளிவாசலைத் தாண்டும்போது சிவரூபினி ஓடிவந்தாள். முன்கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள். அழுதிருந்தாள், கண் மை கலைந்திருந்தது.

"அம்மா சொன்னா. ஐ ஆம் சோ சொறி. சஞ்சயன் அப்பிடி இல்லை, பட் அவன்ர பேரன்ட்ஸ்... யூ நோ."

"எனக்குத் தெரியும், பிள்ளை. நீ அழாத."

"ட்ராமில போவீங்களோ?"

"ட்ராம் எடுத்து விம்பிள்டன் போனா, பிறகு லைன் நேர பிளேஸ்டோவுக்குத்தானே."

சிவரூபினி மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். என்னவோ சொல்ல வந்திருக்கிறாள் என்று மேரிசாந்திக்கு விளங்கியது.

"வெடிங் முடிஞ்ச கையோட நான் உங்களை வந்து பாக்கிறன். ரெண்டு பேருமா வாறம். ப்ரொமிஸ்."

"அப்ப வெடிங்குக்கு?"

மேரிசாந்தி காத்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு வாகனமும் இல்லை. பக்கத்து வீட்டு யன்னல்கள் பூட்டிக் கிடந்தன. அவர்களுடைய கதவும் சாத்தியிருந்தது.

"ப்ளீஸ், கோவிக்காதேங்கோ, அன்ரி," என்றாள் சிவரூபினி.

பெரியம்மா என்றிருந்தாலும் கேட்பதற்கு அங்கே வேறு ஒருவரும் இருக்கவில்லை.